வாடும் தளிரைத் தாங்குவோம்

(நம் பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டு மகிழ்ச்சியின் ஆண்டு. தோரணமும் தேரும் பாடற்பூசையுமாக இருக்கும் இந்நாட்களில் சாவைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். ஆனால் ஒரு பங்கின் ஆஸ்தி அதன் கோபுரமும் மணியும் மட்டுமல்ல; அதன் பிள்ளைகளே பெரிய ஆஸ்தி. அந்தப் பிள்ளைகளில் சிலர், நம் கண்ணெதிரே உண்டு, உடுத்தி, பள்ளிக்குப் போய்வந்துகொண்டே, "நான் எதற்காக உயிரோடு இருக்க வேண்டும்?" என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இன்று பேசுகிறோம்.

இது எங்கோ ஒரு வீட்டில் நடக்கும் காரியம் அன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 13,044 பேர் மாணவ மாணவியர். நாளொன்றுக்கு 35 பேருக்கு மேல். அதாவது ஒரு வகுப்பறைப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் மட்டும் எல்லா வயதினருமாக 19,834 பேர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில், சில வாரங்களுக்குள் பல மாவட்டங்களிலிருந்து மாணவியரின் மரணச் செய்திகள் அடுத்தடுத்து வந்ததையும், முதலமைச்சரே மாணவர்களை நோக்கி வேண்டுகோள் விடுத்ததையும் நாம் மறக்கவில்லை. இப்படிப்பட்ட செய்திகளைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஏற்கெனவே நொந்திருக்கும் இன்னொரு பிள்ளையை மேலும் தளர்த்தும். எனவே வீட்டுக் கூடத்தில் அச்செய்தி ஓடும்போது, பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சற்றுக் கவனிப்போம்.

நம் ஊரில் எல்லாச் சமயத்தாரும் அறிந்த கதை ஒன்று உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் இளமையில் தறிகெட்டுத் திரிந்து, கையிலிருந்ததையெல்லாம் இழந்து, உடலும் கெட்டு நின்றார் என்பார்கள். அவரை வளர்த்த அக்காள் மனம் வெறுத்து ஒரு கடுஞ்சொல் சொல்லிவிட்டாளாம். அந்தச் சொல் பொறுக்காமல் உயிரை விடத் துணிந்து பெரிய கோவிலின் வல்லாள மகாராஜன் கோபுரத்தில் ஏறினார் என்றும், முருகன் அவரைக் கைகளில் தாங்கிக்கொண்டார் என்றும், திருப்புகழ் அதன் பிறகே பிறந்தது என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நம் வழிபாடு வேறு. ஆயினும் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் வலம்வரும் இம்மலையடியில் வாழும் நாம், இந்தக் கதையிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். அந்த அக்காள் கெட்டவள் அல்லள். தம்பிக்காகத் தன்னையே தேய்த்தவள். அன்புள்ளவர் வாயிலிருந்தும், களைப்பில், ஒரு சொல் தவறி விழும். இரண்டாவது, எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்த அந்த நாளில் எதுவும் முடிந்திருக்கவில்லை. அவருடைய பாட்டெல்லாம் இனிமேல்தான் வரவிருந்தது. நம் வீட்டில் பிள்ளையைத் தாங்கவேண்டிய கை நம்முடைய கை.

"விசுவாசம் இருந்தால் இப்படி ஓர் எண்ணம் வருமா?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கட்டும். கார்மேல் மலையில் பெரும் வெற்றி கண்ட எலியா, அடுத்து அரசி ஈசபேலுக்கு அஞ்சிப் பாலைவனத்துக்கு ஓடி, ஒரு செடியின் அடியில் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரையே கேட்கிறார். இறைவாக்கினர் ஒருவர்! ஆண்டவர் என்ன செய்தார்? கண்டித்தாரா? பிரசங்கம் செய்தாரா? முதலில் தூங்கவிட்டார். பிறகு வானதூதரை அனுப்பித் தொட்டு எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் உணவு கொடுத்தார். அதற்குப் பின்புதான் பேச்சு. பேச்சிலும் முதலில் அவரைக் கேள்வி கேட்டுப் பேசவைத்தார். இறுதியில் தனியாள் என்று புலம்பியவருக்கு எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். தூக்கம், உணவு, தொடுதல், காதுகொடுத்தல், துணை. பெற்றோர் செய்யவேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த ஐந்தில் அடங்கிவிடுகிறது.

அடையாளங்கள் எவை?

பதின்ம வயதில் பிள்ளைகள் முகம் சுளிப்பதும், கதவைச் சாத்திக்கொள்வதும் இயல்பு. அதையெல்லாம் கண்டு பதறவேண்டியதில்லை. ஆனால் இரண்டு வாரத்திற்கும் மேலாக இருக்கும் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் விழித்திருத்தல் அல்லது பகலெல்லாம் படுத்திருத்தல், சோறு இறங்காமை, விளையாட்டையும் கூட்டாளிகளையும் விட்டு ஒதுங்குதல், மதிப்பெண் சட்டென்று சரிதல், குளிக்கவும் தலைவாரவும் மனமின்மை ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. ஆண் பிள்ளைகளிடம் துக்கம் பலவேளை கோபமாகவும் குடியாகவும் வெளிவரும். "நான் இல்லாவிட்டால் உங்களுக்குத்தான் நிம்மதி", "நான் எல்லாருக்கும் பாரம்" என்னும் பேச்சும், ஆசையாக வைத்திருந்த பொருள்களை மற்றவர்க்குக் கொடுத்துவிடுவதும், உற்றாரிடம் விடைபெறுவதுபோல் பேசுவதும் உடனே கவனிக்க வேண்டியவை. பல நாள் வாடிக் கிடந்த பிள்ளை காரணமின்றித் திடீரென்று அமைதியாகிவிட்டால், "சரியாகிவிட்டது" என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"குரைக்கிற நாய் கடிக்காது, சாகிறவன் சொல்லிக்கொண்டா சாவான்?" என்று நம்மூரில் சொல்வார்கள். இது பொய். இப்படி இறந்தவர்களில் பலர், ஏதோ ஒரு வகையில் யாரிடமாவது முன்பே சொல்லியிருக்கிறார்கள். சொன்னதைக் கேட்க ஆளில்லாமல் போனதே துயரம். "மிரட்டுகிறான், நாடகம் போடுகிறாள்" என்று தள்ளிவிடாதீர்கள். மிரட்டித்தான் தன் வேதனையைக் காட்ட வேண்டும் என்ற நிலைக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டதென்றால், அதுவே வேதனையின் அளவைச் சொல்கிறது.

கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பதே மனநல மருத்துவம் கண்ட அனுபவம். மாறாக, யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்த பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்தது என்ற ஆறுதலே பிள்ளைக்கு உண்டாகும். பத்துப் பேர் நடுவில் அன்று. தனியாக, சோறு போடும் நேரத்திலோ, மாடியில் காற்று வாங்கும்போதோ, வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் போகும்போதோ கேட்கலாம். "கண்ணு, கொஞ்ச நாளா நீ நீயா இல்ல. சொல்லு, உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுதா?" இவ்வளவு நேராகக் கேட்கலாம். கேட்டபின் வாயை மூடிக்கொள்வது அதைவிடக் கடினம். அழுதால் அழட்டும். பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் பக்கத்தில் இருப்போம். "இத நீ எங்கிட்ட சொன்னதே பெரிசு. நாங்க இருக்கோம், சேர்ந்து பாத்துக்கலாம்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

சொல்லக்கூடாதவையும் உண்டு. "உனக்கென்ன குறைச்சல்?", "நாங்க படாத கஷ்டமா?", "ஊர் சிரிக்கும்", "அவங்க வீட்டுப் பிள்ளையைப் பார்." இவை ஒவ்வொன்றும் பிள்ளையின் வாயை அடைக்கும் பூட்டு. "இது சாவான பாவம் தெரியுமா?" என்பதும் அந்த நேரத்தில் பூட்டே. இன்னொன்று, நம் வீடுகளில் கோபம் வந்தால் சர்வசாதாரணமாக வரும் "போய்த் தொலை", "செத்து ஒழி" என்னும் ஏச்சு. இந்த ஜூபிலி ஆண்டில் நம் பங்கின் ஒவ்வொரு வீடும் இந்த ஏச்சை நாவிலிருந்து அழித்துவிட்டால், அது ஒரு பெரிய புண்ணியம்.

"யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்" என்று பிள்ளை கேட்டால், சத்தியம் செய்யாதீர்கள். "ஊராரிடம் சொல்லமாட்டேன், ஆனால் உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்லவேண்டுமோ அவரிடம் உனக்குத் தெரிந்தே சொல்வேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

வீட்டைக் காவல் செய்வது எப்படி?

இளையோரிடம் சாகும் வேகம் பெரும்பாலும் அலைபோல் வரும். எழும், உச்சிக்குப் போகும், தணியும். அந்த அலை தணியும் வரை ஆபத்தானது எதுவும் கைக்கு எட்டாதிருந்தால், அந்த உயிர் பிழைக்க வழி உண்டு. "ஒன்றில்லாவிட்டால் இன்னொன்று" என்று நாம் நினைக்கிறோம். உலக அனுபவம் அப்படியில்லை. இலங்கையில் 1995 முதல் கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தார்கள். சுமார் பத்தாண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நம் தமிழ்நாட்டிலேயே, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியின் சில சிற்றூர்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப்பொது இடத்தில் பூட்டுப்போட்ட பெட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள். அதிலும் பலன் தெரிந்தது.

நம் மாவட்டம் நெல்லும் மணிலாவும் கரும்பும் விளையும் மாவட்டம். செங்கத்திலும் தண்டராம்பட்டிலும் போளூரிலும் நம்மவர் வீட்டுக் கொல்லையில் மருந்து டப்பா இல்லாத வீடு குறைவு. ஆகவே, வாடிய பிள்ளை உள்ள வீட்டில் பூச்சிமருந்து, எலி மருந்து, பாட்டியின் மாத்திரைகள் எல்லாவற்றையும் இன்றே அப்புறப்படுத்துங்கள். அல்லது பூட்டிச் சாவியைப் பெரியவர் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து உள்ள நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். இரவில் ஒருவர் அருகில் படுத்துக்கொள்ளுங்கள். இது காவல் கைதிக்கான காவல் அன்று. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு அருகில் விழித்திருப்பது போன்றதே.

வேலைக்காகப் பெங்களூரிலும் சென்னையிலும் தங்கி, பிள்ளைகளைப் பாட்டியிடமும் விடுதியிலும் விட்டுச் செல்லும் பெற்றோர் நம்மில் பலர். பணம் அனுப்புவதோடு, தினமும் ஒருமுறை பேசுங்கள். அந்தப் பேச்சில் "எவ்வளவு மார்க்?" என்பது முதல் கேள்வியாக இருக்கவேண்டாம்.

மருத்துவமும் சட்டமும்

மனச்சோர்வு ஒரு நோய். மஞ்சள் காமாலைக்கு மருத்துவரிடம் போகும் நாம், இதற்கு மட்டும் மந்திரிப்பவரிடமும் குறிசொல்பவரிடமும் போய் நாளைக் கடத்துகிறோம். செபம் செய்வோம், செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. தமிழகத்தின் மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் நடைபெறுகிறது. நம் ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போய் மனநலப் பிரிவு எங்கே என்று கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை வேண்டியிராது. சிலருக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதும். மாத்திரை கொடுத்தால், மருத்துவரைக் கேளாமல் நடுவில் நிறுத்தாதீர்கள்.

"போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்ற பயத்தால், முயன்று பிழைத்த பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதிப்பவர்களும், மருத்துவரிடம் உண்மையை மறைப்பவர்களும் உண்டு. அந்தத் தாமதமே உயிரைக் குடிக்கும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, இப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆகவே ஒரு நிமிடமும் தயங்காமல் 108-ஐ அழையுங்கள். நடந்ததை மருத்துவரிடம் நடந்தபடியே சொல்லுங்கள்.

தேர்வும் காதலும்

நம் பிள்ளைகளை இந்த விளிம்புக்குத் தள்ளும் காரணங்கள் ஒன்றல்ல. பல சேர்ந்தே தள்ளுகின்றன. ஆயினும் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. தேர்வு முடிவு வரும் நாளில் வீட்டில் இருங்கள். முடிவு வருமுன்பே, "எது வந்தாலும் சாயங்காலம் எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடப் போறோம்" என்று சொல்லிவிடுங்கள். தோற்றவர்களுக்கு அந்த ஆண்டிலேயே துணைத்தேர்வு உண்டு. 2017 முதல் மாநில அளவில் முதலிடம் பெற்றோரின் பட்டியலை அரசே வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அரசு விட்டுவிட்ட பட்டியலை நாம் சமையலறையில் ஏன் வாசிக்க வேண்டும்?

மற்றொன்று காதல். மகளின் கைப்பேசியில் ஒரு பெயரைக் கண்டதும் அடித்து, பள்ளியை நிறுத்தி, சாதியைச் சொல்லி, மாமன் மச்சானைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்து அவமானப்படுத்தும் வீடுகள் உண்டு. பிள்ளைக்கு எல்லை வைப்பது பெற்றோர் கடமை. ஆனால் நாலு பேர் முன்னே மானத்தை வாங்குவது கடமையன்று. அவளுடைய படமோ செய்தியோ காட்டி யாராவது மிரட்டினால், "தப்பு உன்மேல்தான்" என்று தொடங்காதீர்கள். அவள் பக்கம் நின்று, காவல் துறையில் புகார் கொடுங்கள்.

பங்கு என்ன செய்யலாம்?

பிழைத்து வந்த பிள்ளை முதல் ஞாயிறு பூசைக்கு வரும்போது, திரும்பிப் பார்த்துக் கிசுகிசுக்காதிருப்பதே நாம் செய்யும் முதல் உதவி. பழையபடி பாடற்குழுவிலோ பீடச் சிறுவர் வரிசையிலோ அதற்கு இடம் இருக்கட்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பிள்ளை என்ன சொன்னது என்று சுவாமியாரிடம் கேட்காதீர்கள்; அவர் சொல்லவும் மாட்டார், சொல்லவும் கூடாது. சொல்ல ஓர் இடம் அதற்கு இருக்கிறது என்பதே நமக்கு ஆறுதல்.

பிள்ளையை இழந்த வீடுகளும் நம்மிடையே உண்டு. அவர்களிடம் காரணம் கேட்டு விசாரணை செய்யாதீர்கள். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் மனக்கோளாறும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் போதிக்கிறது. திருச்சபையே கதவைத் திறந்து வைத்திருக்க, நாம் ஏன் வாசலில் நின்று மறிக்க வேண்டும்? முப்பது கழிந்த பின்பும், முதல் கிறிஸ்துமஸ் வரும்போதும், அந்த வீட்டுக்குப் போவோம்; இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுவோம்.

கடைசியாகப் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. இந்தச் சுமையைத் தனியே சுமக்காதீர்கள். "உன் செல்லம்தான் கெடுத்தது", "உங்க கோபம்தான் காரணம்" என்று கணவனும் மனைவியும் மோதிக்கொள்ளும் வீட்டில் பிள்ளை தன்னையே குற்றவாளியாக எண்ணும். நம்பிக்கையான ஒருவரிடம், ஒரு சித்தப்பாவோ, ஆசிரியையோ, அருட்சகோதரியோ, சொல்லி உதவி கேளுங்கள்.

பின்வரும் எண்களை இந்த மலரிலிருந்து எழுதி, நாட்காட்டி மாட்டியிருக்கும் சுவரில் பிள்ளையும் பார்க்கும்படி ஒட்டுங்கள். 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநலச் சேவை: 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைச் சேவை: 104. சிறார்க்கான உதவி: 1098. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா: 044-24640050. பிள்ளைதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. என்ன செய்வதென்று தெரியாத தாயும் தகப்பனும் அழைக்கலாம்.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் பிள்ளையின் தலையில் கைவைத்து சிலுவை அடையாளம் போடுகிறோம் அல்லவா? அப்போது கையை உடனே எடுத்துவிடாமல், "இன்னிக்கி எப்படி இருந்தது கண்ணு?" என்று ஒன்றைக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.

மரியே வாழ்க!